பூங்காவுக்குப் போன ஏழு முடிச்சுகள்

கடல் தாண்டிப் போனவர்கள்தான் பயணக் கட்டுரை எழுதலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. திருத்தணிக்காரனுக்கு வேற்று நாடு என்பது, பஸ்ஸில் சீட்டு வாங்கிவிட்டு மீதிச் சில்லறைக்குக் காத்திருக்கும் நேரத்துக்குள் வந்துவிடும். கடைப் பலகைகளில் எழுத்து தெலுங்காக மாறும். கைப்பேசி வரவேற்புச் செய்தி அனுப்பும். டீக்கடை வடையில் காரம் ஒரு படி ஏறும். வெளிநாடு என்றால் எனக்கு இவ்வளவு போதும்.

அப்படியொரு வெளிநாட்டுப் பயணத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டு வந்தேன். நான், மனைவி சரளா, மகள் திவ்யா. போன ஊர் திருப்பதி. போன காரியம் பூங்கா பார்ப்பது. சிரிக்க வேண்டும் என்று தோன்றினால் இப்போதே சிரித்துவிடுங்கள். எங்கள் தெருவில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

என் பெயர் ஏழுமலை. பெயரே அந்த ஊர்ச் சாமியின் விலாசம். தொழில், பத்திரம் எழுதுவது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கக்கத்தில் எப்போதும் ஒரு ஜிப் பை. ஊரார் சொத்துக்கெல்லாம் நான்கெல்லை எழுதிக் கொடுப்பவன் என்பதால் எனக்குத் திசை தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். என் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

சரளா என் தாய்மாமன் மகள். ஆந்திரப் பக்கத்து நகரியில் பிறந்தவள். பாவாடை கட்டிய காலத்திலிருந்து என்னை "பாவா" என்று, தெலுங்கு அத்தானாகத்தான் கூப்பிடுகிறாள். நீ, வா, போ எல்லாம் அப்போதிலிருந்தே உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அதைத் திருத்தும் தைரியம் எனக்கு வரவில்லை. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடங்கள். அதில் குடும்பத்தோடு வெளியே போன இடங்களை ஒரு தாளில் எழுதினால் ஒன்றுகூடக் கோபுரம் இல்லாத இடம் கிடையாது. கல்யாணமான புதிதில் அவளை முதன்முதலாக அழைத்துப் போனதே, சிவன் சுடுகாட்டில் ஆடிய திருவாலங்காட்டுக்குத்தான். நாங்கள் எங்கும் போகாத நாட்களில் கோயில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். மலையடிவாரத்தில் வீடு இருப்பவனுக்கு உறவினர் பஞ்சமே கிடையாது. மொட்டை, காதுகுத்து, ஆடிக் கிருத்திகை எதுவானாலும் எங்கள் வீட்டில் குளித்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டு, எங்கள் பாயில் படுத்துவிட்டு, "உங்களுக்கின்னா, முருகன் காலடியில இருக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் காலடியில் இருபத்து மூன்று வருடங்களாகப் பாத்திரம் கழுவியவள் சரளா.

திவ்யாவுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்தது. விடுதியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு முன் மூன்று பேரும் எங்காவது போய்வரலாம் என்றேன். திருவண்ணாமலை நல்ல ஊர் என்றும் சேர்த்துச் சொன்னேன். சரளா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பாவா, சாமி மேல எனக்கு ஒன்னும் கோவம் இல்ல. வரிச மேலதான் கோவம். எங்க போனாலும் நீ முன்னாடி, நான் பின்னாடி. இருவத்தி மூணு வருசமா உன் முதுகத்தான் பாத்துகினு நிக்கிறேன். உன் சட்டையில எந்தத் தையலு எங்க பிரிஞ்சிகினு இருக்குதுன்னு எனக்குத் தெரியும். ஒரே ஒரு நாளு, கோயிலு இல்லாத எடத்துக்குக் கூட்டிகினு போ. எதிர எதிர குந்தி சாப்புடணும். அவ்ளோதான் நான் கேக்கறது."

எனக்கு வெட்கமாக இருந்தது. எந்த இடம் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள். திருப்பதியில் மலையடிவாரத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. சிறு வயதில் அவள் அப்பாவோடு போகும்போதும், பிறகு என்னோடு போகும்போதும், பஸ் ஜன்னல் வழியாக அந்தப் பூங்காவையும் அதன் ஏரியையும் பார்த்துக்கொண்டே போவாளாம். இறங்கலாமா என்று கேட்டால் மாமா "லேட் ஆயிடும்மா, வரிச நீண்டுடும்" என்பாராம். பின்னாளில் நானும் அதையேதான் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருந்தது.

"நைனா, எழுதிக் குடு. வாயால சொன்னா மறந்துடுவ" என்றாள் திவ்யா.

எழுதினேன். 'ஏழுமலையாகிய நான் என் மனைவி சரளாவுக்கு மனப்பூர்வமாய் எழுதிக்கொடுத்த உடன்படிக்கை என்னவென்றால், வரும் ஞாயிற்றுக்கிழமை சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை எந்தக் கோயிலுக்கும் போகமாட்டேன், எந்த வரிசையிலும் நிற்கமாட்டேன், உறவினர் எவரையும் உடன் அழைத்துவர மாட்டேன், முழு நாளும் மேற்படியாருடனேயே இருப்பேன்.' திவ்யா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். என் சர்வீஸில் நான் ஓட்டை வைக்காமல் எழுதிய பத்திரம் அது ஒன்றுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் என் வாய் அதில் ஓட்டை போட்டது. மறுநாள் சரளா தலையில் வைக்கப் பூ வாங்கலாம் என்று தெருமுனையில் கஸ்தூரி கடைக்குப் போனேன். அங்கேதான் வினை.

"இன்னாண்ணா விசேசம், அஞ்சு மொழம் வாங்கற?"

"நாளைக்குத் திருப்பதி போறோம்மா."

"பூங்காவுக்கு" என்று அடுத்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஐம்பது வயது ஆள், ஊரில் நாலு பேருக்குப் பத்திரம் எழுதுபவன், பெண்டாட்டியோடு பூங்காவில் உட்காரப் போகிறேன் என்று பூக்காரியிடம் எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டேன். கஸ்தூரி இரண்டு கையையும் கூப்பி திருப்பதி மலை இருக்கும் திசையைப் பார்த்தாள். பிறகு கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

"எம் பொண்ணு காய்ச்சல்ல படுத்துகினு இருந்தப்ப முடிஞ்சது. எழுந்துட்டா. போயி போட எனக்குத்தான் நேரமே வரல. மேல உண்டியல்ல போட்டுடுண்ணா. உன் கையால போடு, வேற யார்கிட்டயும் குடுக்காத."

இது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தருகே வைத்து, திருப்பதிப் பெருமாளுக்கு என்று வேண்டிக்கொள்வார்கள். தாங்கள் போகும்போது போடுவார்கள். போக முடியாதவர்கள், போகிறவர் யார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அப்படி வந்ததை மறுப்பது என்பது எங்கள் தெருவில் கொலைக்குற்றத்துக்கு ஒரு படி கீழே. நான் வீடு வந்து சேர்வதற்குள் அயர்ன் கடைக்காரர் ஒன்று கொடுத்தார். அவர் மனைவிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. விளக்கு வைப்பதற்குள் என் ஜிப் பையில் ஏழு முடிச்சுகள். ஏழுமலைக்கு ஏழு என்று அப்போது ரசித்ததும் இதே முட்டாள்தான்.

சரளாவிடம் சொல்லவில்லை. எப்படியாவது, எங்காவது, ஏதாவது செய்து சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். என் வாழ்க்கையின் பெரிய திட்டங்கள் எல்லாம் இந்த மூன்று வார்த்தைகளில்தான் உருவாகின்றன.

ஞாயிறு காலை பைக்கைப் பஸ் நிலையத்துக்கு அருகில் ரபீக் பாயின் மெக்கானிக் கடையில் விட்டேன். பூங்காவுக்குத்தான் போகிறோம் என்ற உண்மை தெரிந்த ஒரே வெளியாள் அவர். சரளாவும் திவ்யாவும் முன்னால் நடந்ததும் என் கக்கத்தைப் பார்த்தார்.

"பார்க்குக்குப் போறவன் இன்னாத்துக்குப் பத்திரப் பையத் தூக்கினு போற?"

சொன்னேன். கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"வூட்ல சொல்லிடு ஏழுமல. மறைச்சு வக்கறதெல்லாம் பெட்ரோல் டாங்க்ல தண்ணி பூந்த மாரி. வண்டி கெளம்பும். பாதி வழியில நிக்கும்."

வண்டி உண்மையிலேயே பாதி வழியில் நின்றது. புத்தூரில் பஸ்ஸுக்கு டயர் பஞ்சர். உடைந்த எலும்புக்குக் கட்டுப் போடப் பல ஊரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கும் ஊர் அது. எங்கள் டயருக்குக் கட்டுப் போடத்தான் ஒருவரும் கிடைக்கவில்லை. முக்கால் மணி நேரம் புளியமரத்து நிழலில் நின்றோம். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் மலைக்குப் போகிறவர்கள். நெற்றியில் நாமம், தோளில் பை, மடியில் மொட்டைக்குக் காத்திருக்கும் குழந்தைகள். ஒரு பெரியவர் தெலுங்கில் என்னிடம் எத்தனை மணிக்குத் தரிசன டோக்கன் என்று கேட்டார். எங்களுக்கு டோக்கன் இல்லை, பூங்காவுக்குப் போகிறோம் என்று சரளா சிரித்துக்கொண்டே அவருக்குத் தெலுங்கில் சொன்னாள். அவர் திவ்யாவைப் பார்த்து, "பாப்பா ஏதாவது பரீட்சையில் தவறிவிட்டாளா? சாமிமேல் கோபமா?" என்று கேட்டார்.

டயர் மாட்டி வண்டி நகர்ந்ததும் பஸ் முழுக்க "கோவிந்தா! கோவிந்தா!" என்று கத்தியது. மிக உரக்கக் கத்தியது நான்தான். திவ்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவளின் பார்வை அது.

"வண்டி கெளம்பிச்சே, அந்த சந்தோசம்" என்றேன்.

பூங்கா வாசலில் இறங்கும்போதே சரளாவின் நடை மாறிவிட்டது. எனக்கு முன்னால் போனாள். உள்ளே செம்மண் பாதை, இரண்டு பக்கமும் புங்கமரம், நடுவில் ஏரி. ஏரியில் மிதித்து ஓட்டும் படகுகள், அன்னம் போல மூக்கு வைத்தவை. ஏரிக்குப் பின்னால் மலை எழுந்து நின்றது. எங்கள் ஊர் மலையும் மலைதான், ஆனால் அது வீட்டு வாசலில் நிற்கும் தெரிந்த ஆள். அதைப் பார்த்தால் யார் வீட்டு விருந்தாளிகள் படியிறங்கி வருகிறார்கள் என்றுதான் பயம் வரும். இந்த மலை செம்பாறையும் பச்சையுமாக வானத்தின் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. இத்தனை முறை வந்தும் நான் இதைப் பார்த்ததே இல்லை. ஏழு மலைகளும் எனக்கு டோக்கன் கொடுக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் சுவர், அவ்வளவுதான்.

பார்த்த சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. மலைப்பாதையில் பஸ்கள் ஏறிக்கொண்டே இருந்தன. எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் அவை தெரிந்தன. என் கக்கத்தில் ஏழு முடிச்சுகளும் கனத்தன.

பூங்காவில் இருந்த பாதிப் பேர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசியவர்கள். தரிசனம் முடித்து ரயிலுக்காக நேரம் போக்க வந்தவர்கள். சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்களுக்குப் பக்கத்தில் துண்டு விரித்திருந்தது. அந்த வீட்டு அம்மாள் கேட்டார்.

"உங்களுக்கு எத்தன மணி நேரம் ஆச்சுங்க?"

"நாங்க மலைக்குப் போகல" என்றாள் சரளா. "இத பாக்கத்தான் வந்தோம்."

அம்மாள் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். ஏதோ தீட்டு என்று முடிவு செய்திருக்க வேண்டும். மேலே ஒன்றும் கேட்காமல் ஒரு லட்டைப் பிய்த்துக் கொடுத்தார். வாங்கலாமா என்று நான் சரளாவைப் பார்த்தேன். அவள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"பத்திரத்துல லட்டு வரல பாவா."

சாப்பிட உட்கார்ந்தோம். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், வாசலில் வாங்கிய சூடான புனுகுலு. மாவை உருட்டிப் பொரித்த அந்த உருண்டைகள்மேல் நகரிப் பெண்ணுக்குத் தனிப் பற்று. தொட்டுக்கொள்ளக் கொடுத்த சட்னியை, நான் சாப்பிடாத காரமா என்று ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். பிறகு கொஞ்ச நேரம் மலை இரண்டாகத் தெரிந்தது. டப்பாவைத் திறந்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதன்மேல் குனிந்து, முதுகால் வட்டம் கட்டிக்கொண்டோம். சேலத்துக்காரர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். அந்தப் பூங்காவில் ஒரு குரங்குகூட இல்லை. திருத்தணி மலையில் சாப்பிட்டுப் பழகிய உடம்புக்கு அது தெரியவில்லை.

சரளா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கேட்டது போலவே எதிரெதிரே. திவ்யாவின் பள்ளிக்கூடக் கதைகளைச் சொன்னாள், நகரியில் தறிச் சத்தத்துக்கு நடுவில் படித்த கதையைச் சொன்னாள், சிரித்தாள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கண் மட்டும் அவள் தோளுக்கு மேலே, மலைப்பாதையில் இருந்தது. மறுநாள் காலை கஸ்தூரி கேட்பாள். "போட்டியாண்ணா?" என்ன சொல்வேன்? பேசாமல் நம் ஊர் முருகன் உண்டியலில் போட்டுவிட்டால்? முருகன் பெருமாளுக்கு மருமகன்தானே, சேர்த்துவிட மாட்டாரா? ஆனால் மருமகனிடம் கொடுத்தது மாமனாரிடம் போய்ச் சேர்ந்ததாக எங்கள் தெருவில் சரித்திரமே இல்லை. கஸ்தூரி ஒப்புக்கொள்ளவே மாட்டாள்.

"பாவா, கேக்கறியா?"

"ஆங், கேட்டுகினுதான் இருக்கறேன்."

"இன்னா சொன்னேன்?"

சொல்லத் தெரியவில்லை. அவள் கோபப்படவில்லை. புளிசாத டப்பாவை மூடினாள். கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவும் பெண்ணும் படகுக்குப் போனார்கள். எனக்குத் தண்ணீர் பயம். கோயில் குளத்திலேயே மூன்றாம் படிக்குக் கீழே இறங்காதவன். கரையில் பெஞ்சில் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறேன் என்றேன். அன்னப் படகு ஒன்று கோணல்மாணலாக நகர்ந்தது. ஏரியின் அந்தக் கரைப்பக்கம் போனதும் நான் எழுந்துவிட்டேன்.

இதை எப்படி நியாயப்படுத்துவது என்று எழுதும்போதும் தெரியவில்லை. மலைக்குப் போய், வரிசையில் நின்று, உண்டியலில் போட்டுவிட்டு வர இருட்டிவிடும். அது எனக்குத் தெரியும். எப்படியாவது, எங்காவது, ஏதாவது. மேலே போய்விட்டால் போன் செய்து சொல்லிவிடலாம், அவர்கள் திட்டுவார்கள், பிறகு சரியாகிவிடும். எப்போதும் அப்படித்தானே சரியாகியிருக்கிறது? பூங்கா வேலியை ஒட்டியே பஸ் நிறுத்தம். மலைக்குப் போகும் பஸ் நின்றது. ஏறினேன். ஜன்னலோர இடமே கிடைத்தது. சாமியே இடம் போட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஏரி. சின்னப் பெண்ணாக இருந்தபோது சரளா பார்த்துக்கொண்டே போன ஏரி. அதில் ஒரு அன்னப் படகு வட்டமடித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் முகம் தெரியவில்லை. அவள் புடவையின் நிறம் தெரிந்தது. நான் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்து அவள் கையை ஆட்டினாள். பெஞ்சு காலியாக இருந்தது. ஆட்டிய கையை மெல்ல இறக்கினாள்.

முப்பது வருடங்களாக இறங்கக் கிடைக்காத இடத்தில் அவள் இறங்கியிருக்கிறாள், நான் அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். பஸ் புறப்பட்டுவிட்டது. "நில்லு நில்லு!" என்று கத்தினேன். பதற்றத்தில் தமிழும் வரவில்லை, தெலுங்கும் வரவில்லை, இரண்டும் கலந்த ஒரு சத்தம் வந்தது. கண்டக்டர் விசில் அடித்துவிட்டுத் தெலுங்கில் கேட்டார்.

"ஏறுவதற்கு முன்னால் யோசிக்கக் கூடாதா, பெரிய மனுஷா?"

பின்னால் ஒரு கிழவர் எனக்குப் பரிந்து பேசினார். "விடப்பா. அவன் கூப்பிட்டால்தான் போக முடியும். இவரை இன்றைக்குக் கூப்பிடவில்லை."

கூப்பிட்டது வேறு ஆள் என்று அவரிடம் சொல்ல நேரமில்லை. இறங்கி, ஓடி, திரும்ப நுழைவுச் சீட்டு வாங்கி, மூச்சு வாங்க ஏரிக்கரைக்கு வந்தபோது படகு கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடிவந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று வழியில் உப்பு மிளகாய்த் தூள் தூவிய மாங்காய்க் கீற்று வாங்கியிருந்தேன்.

"எங்க போன?" என்றாள் சரளா.

"மாங்கா வாங்க."

அவள் ஒரு கீற்று எடுத்துக் கடித்தாள். திவ்யா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சரளா அவள் கையிலும் ஒரு கீற்றைத் திணித்தாள்.

"ஏறு" என்றாள் என்னைப் பார்த்து.

"எங்க?"

"போட்டுல."

ஏறினேன். ஜிப் பையை மார்போடு கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். நான் ஒரு பக்கம் மிதிக்க, அவள் ஒரு பக்கம் மிதிக்க, படகு ஒரே இடத்தில் சுற்றியது. நான்கெல்லையும் ஒன்றாகிப் போனது. கரையில் திவ்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், போட்டோ எடுத்தாள். அதில் என் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அது உல்லாசப் பயணம் என்று நம்ப மாட்டார்கள். ஆனால் பயந்துகொண்டே சொல்கிறேன், நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை நான் மலையைப் பார்க்கவில்லை. அவள் சொன்னதையெல்லாம் கேட்டேன். மறுபடி கேள்வி கேட்டாள், பதில் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் திவ்யா ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சூரியன் இறங்கி, உடன்படிக்கை காலாவதியாகும் நேரம். நான் ஜிப் பையைத் திறந்து சரளாவின் மடியில் வைத்தேன். பூ வாங்கப் போனதிலிருந்து பஸ்ஸில் ஏறியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏழு முடிச்சுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"கஸ்தூரி காலையிலேயே சொல்லிட்டா" என்றாள். "தண்ணி புடிக்கப் போனப்ப. நீ எங்க எப்பிடி போடப் போறேன்னு பாத்துகினுதான் இருந்தேன்."

பிறகு அவள் கைப்பையைத் திறந்து எட்டாவதாக ஒரு முடிச்சை எடுத்து அவற்றோடு வைத்தாள். மஞ்சள் துணி இல்லை. ரோஸ் நிறத்தில் பூனைப் படம் போட்ட கர்ச்சீப். திவ்யாவுடையது.

"இது யாருது?"

"என்துதான். போட்டுல இருந்து கை ஆட்டினேன், பெஞ்சுல ஆளு இல்ல. நீ பஸ்ஸுல குந்திகினு இருந்தத இவதான் காட்னா. எனக்கு அழுகயே வந்துடுச்சி பாவா. கத்தினா உனுக்குக் கேக்காது. கையில போட்டு சீட்டு வாங்கின மீதி இருந்துது. இவ கர்ச்சீப்ப புடுங்கி முடிஞ்சேன். சாமி, உன் பஸ்ஸுல ஏறினவன எறக்கி உட்டுடு, நானே வந்து என் கையால போடறேன்னு வேண்டிகினேன். முடிச்ச இறுக்கறதுக்குள்ள வண்டி நின்னுது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருமல் வந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எதுக்கு இப்ப அழற? மாட்டிகினது நானு. கோயிலே வேணான்னு சொல்லிட்டு இப்ப நானே வரிசையில நிக்கணும். அந்தப் பத்திரத்த ரத்து பண்ணி எழுது."

வீட்டுக்குப் போனதும் எழுதினேன். மறுநாள் கஸ்தூரியிடம் உண்மையைச் சொன்னேன். பூங்கா என்ற வார்த்தையையும் சொன்னேன். அன்று மதியத்துக்குள் பதிவு அலுவலகம் வரை சிரித்தார்கள்.

திவ்யாவைக் கோயம்புத்தூரில் விட்டுவந்த பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் மலைக்குப் போனோம். கம்பித் தடுப்புக்குள் நுழையும்போது வழக்கம்போல் முன்னால் நடக்கப் போனவன் நின்று, சரளாவை முன்னால் விட்டேன். ஒன்பது மணி நேரம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னலில் பாதிக்கு மேல் நரைத்திருந்தது. அது எனக்குத் தெரியவே தெரியாது. உண்டியலில் ஏழையும் நான் போட்டேன். எட்டாவதைக் கேட்டேன், கொடுக்கவில்லை. அவளே போட்டாள்.

அந்த வரிசையில் எத்தனையோ வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் சரளா ஒரு தடவை திரும்பி, நான் பின்னால் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு நடந்தாள். இத்தனை வருடங்களில் நான் ஒரு தடவைகூட அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை.